அறிவியல் கண்காட்சிப் போட்டிக்கு முதன்முறையாகப் போகிறீர்களா? நடுவரின் தாளிலிருந்து தொடங்குங்கள்

அறிவியல் கண்காட்சி என்றதும் மாணவர்கள் முதலில் கேட்பது, "என்ன செய்து காட்டலாம்?" என்றுதான். எரிமலை மாதிரி, சூரியக் குடும்பம், இருட்டினால் தானாக எரியும் விளக்கு என்று ஒரு பட்டியல் வரும். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உடனே அட்டையும் பசையும் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். வருகிறவர்கள் பார்த்து ரசித்துவிட்டுப் போகும் விழாவுக்கு அது போதும். மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் போட்டி என்றால், பொருள் வாங்குவதற்கு முன்னால் நடுவர் கையில் என்ன தாள் இருக்கப் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மதிப்பெண் தாள் சொல்லும் சேதி

பெரும்பாலான போட்டிகள் தங்கள் மதிப்பெண் முறையை முன்கூட்டியே வெளியிடுகின்றன. ரகசியம் எதுவும் இல்லை, ஆனாலும் அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் குறைவு. உதாரணத்துக்கு ஐசெஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச அறிவியல், பொறியியல் கண்காட்சியை எடுத்துக்கொள்ளலாம். 1950-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தேசியக் கண்காட்சியாகத் தொடங்கி, 1958-ல் வெளிநாட்டு மாணவர்களுக்கும் கதவைத் திறந்த போட்டி அது. 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கானது. உள்ளூர்ப் போட்டிகள் பலவும் ஏறக்குறைய இதே அச்சில்தான் மதிப்பெண் போடுகின்றன.

அங்கே மொத்தம் 100 மதிப்பெண். ஆராய்ச்சிக் கேள்விக்கு 10. திட்டமிட்ட விதத்துக்கும் முறைக்கும் 15. தரவு சேகரித்து, அலசி, விளக்கிய விதத்துக்கு 20. படைப்பாற்றலுக்கு 20. மீதி 35 முன்வைப்புக்கு. அதிலும் போஸ்டருக்கு 10 மட்டும், நடுவரோடு நேரில் பேசுவதற்கு 25. பொறியியல் ப்ராஜெக்டுகளுக்கும் பங்கீடு இதேதான். தரவு சேகரிப்பு இருந்த இடத்தில் கட்டுமானமும் சோதனையும் வரும்.

இந்த எண்களை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். இரவெல்லாம் கண்விழித்து வெட்டி ஒட்டுகிற பலகைக்கு நூற்றில் பத்துதான். கால் மணி நேரப் பேச்சுக்கு இருபத்தைந்து. "பரிசோதனை வெற்றி பெற்றதா?" என்று ஒரு கட்டமே இல்லை. நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக முடிவு வந்தாலும் ஒரு மதிப்பெண்கூடப் போகாது, அதைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால்.

அந்த 25 பேச்சுத் திறமைக்குக் கொடுப்பது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்கிறாரா, அடிப்படை அறிவியல் புரிந்திருக்கிறதா, தன் முடிவின் எல்லை எதுவரை என்று தெரிந்திருக்கிறதா, எவ்வளவு தூரம் தானாகவே செய்தார், அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்திருக்கிறாரா, குழு என்றால் எல்லோரும் பங்களித்தார்களா: இவைதான் அதற்குள் வருகின்றன. சுருக்கமாக, இந்த ப்ராஜெக்டில் எடுத்த ஒவ்வொரு முடிவும் யாருடையது, ஏன் எடுக்கப்பட்டது என்பதைத்தான் நடுவர் தேடுகிறார். இனி வரும் ஒவ்வொரு படியையும் அந்த "ஏன்" மனதில் இருக்கும்படி செய்தால் போதும்.

முதல் படி: அளக்கக்கூடிய கேள்வி

"காந்தம் எப்படி வேலை செய்கிறது?" என்பது பாடப்புத்தகத்துக்கான தலைப்பு. "காந்தத்தைச் சூடாக்கினால் அதன் இழுவிசை எவ்வளவு குறைகிறது?" என்பது ஆய்வுக் கேள்வி. இரண்டாவதில் மாற்றுவதற்கு ஒன்று (வெப்பநிலை) இருக்கிறது, அளப்பதற்கு ஒன்று (இழுவிசை) இருக்கிறது. உங்கள் கேள்வியில் இந்த இரண்டையும் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

பெரிய தலைப்புதான் பரிசு வாங்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. புற்றுநோய், விண்வெளி, செயற்கை நுண்ணறிவு என்று பெயரிலேயே மிரட்டப் பார்ப்பார்கள். நடுவர்கள் மிரள்வதில்லை. அந்தத் துறையில் வேலை செய்கிற ஒருவர்தான் பெரும்பாலும் எதிரே நிற்பார்.

சின்னக் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எமிலி ரோசா நல்ல உதாரணம். அமெரிக்காவில் நான்காம் வகுப்பு படித்தபோது, 1996-ல், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அவர் எடுத்துக்கொண்டது ஒரு சிகிச்சை முறை. உடலைச் சுற்றி ஓர் ஆற்றல் புலம் இருக்கிறது, அதைக் கைகளால் உணர முடியும் என்று அந்தச் சிகிச்சையாளர்கள் சொல்லி வந்தார்கள். எமிலி ஓர் அட்டைத் தடுப்பை நிறுத்தினார். சிகிச்சையாளர் தடுப்பின் துளைகள் வழியே இரண்டு கைகளையும் நீட்டி வைக்க வேண்டும். எமிலி நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, அது சொன்னபடி அவரது இடது கைக்கோ வலது கைக்கோ மேலே தன் கையைக் கொண்டுபோவார், தொடாமல். எந்தக் கை என்று அவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

21 சிகிச்சையாளர்கள், 280 முயற்சிகள். சரியான பதில் 123, அதாவது 44 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 விழுக்காடு வர வேண்டும். 1998-ல் இந்த ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அப்போது எமிலிக்கு 11 வயது. இதில் கருவி என்று சொல்ல அட்டையும் நாணயமும்தான். ஆனால் நாணயம் ஏன்? எமிலி தானே கையைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்தத் தேர்வில் ஏதோ ஓர் ஒழுங்கு தெரியாமலேயே புகுந்திருக்கும், எதிராளி அதைப் பிடித்துவிடக்கூடும். தடுப்பு ஏன்? பார்வையால் தெரிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. நடுவர்கள் விரும்புவது இதைத்தான்.

இரண்டாம் படி: விதிகளை முதலிலேயே படியுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் இங்கேதான் நல்ல ப்ராஜெக்டுகள் பல நடுவரைப் பார்க்காமலேயே வெளியேறுகின்றன. மனிதர்கள், முதுகெலும்புள்ள விலங்குகள், நோய் உண்டாக்கக்கூடிய நுண்ணுயிர்கள், அபாயகரமான வேதிப்பொருள்கள் இவற்றில் எது உங்கள் ஆய்வில் இருந்தாலும், பெரும்பாலான போட்டிகளில் தொடங்கும் முன்பே எழுத்துப்பூர்வ ஒப்புதலோ மேற்பார்வையாளர் கையெழுத்தோ வேண்டும். முடித்துவிட்டுப் பின்தேதியிட்டுக் கையெழுத்து வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வகுப்புத் தோழர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்வதும் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுதான். இதுதான் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம். ஐசெஃப் விதிப்படி குறைந்தது மூன்று பேர் கொண்ட ஒரு குழு அதை முன்கூட்டியே பார்க்க வேண்டும்: ஓர் ஆசிரியர், ஒரு பள்ளி நிர்வாகி, மருத்துவமோ மனநலமோ அறிந்த ஒருவர். அதேபோல, வீட்டில் நுண்ணுயிர் வளர்ப்பதை ஐசெஃப் அனுமதிப்பதில்லை. ஆய்வகத்தில், மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

குழுவில் எத்தனை பேர் (ஐசெஃபில் மூன்று பேர் வரை), எத்தனை மாத வேலை கணக்கில் வரும் (அங்கே தொடர்ச்சியாக 12 மாதங்கள்), எந்தப் பிரிவில் பதிவு செய்வது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பிரிவைத் தேர்வது விளையாட்டல்ல. செடிகளின் படங்களைக் கணினியால் வகைப்படுத்தும் ப்ராஜெக்டைத் தாவரவியலில் போட்டால் செடியைப் பற்றிய கேள்வி வரும், கணினிப் பிரிவில் போட்டால் நிரலைப் பற்றிய கேள்வி வரும். எதற்கு உங்களால் பதில் சொல்ல முடியுமோ அங்கே போடுங்கள்.

மூன்றாம் படி: பரிசோதனையை வடிவமைத்தல்

ஓர் எளிய ஆய்வை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கேள்வி: மின்விசிறியின் தூரம் கூடும்போது ஈரத்துணி காயும் வேகம் எப்படி மாறுகிறது? ஒரே துணியிலிருந்து வெட்டிய 20 செ.மீ. சதுரத் துண்டுகள், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, விசிறி, கடிகாரம். துண்டை நனைத்து, தொங்கவிட்டு, 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடை பார்க்க வேண்டும். இழந்த எடைதான் ஆவியான நீர்.

மாற்றுவது ஒன்றே ஒன்று: தூரம். அளப்பது எடை. மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும்: துணியின் அளவு, நனைத்த நீரின் அளவு, விசிறியின் வேகம், அறை. இது எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கும். சிக்கல் அதற்கு அப்புறம் வருகிறது.

1 மீட்டர் தூரச் சோதனைகளை எல்லாம் திங்கள்கிழமை முடித்துவிட்டு, 2 மீட்டர் சோதனைகளைச் செவ்வாய்க்கிழமை செய்கிறீர்கள். செவ்வாயன்று மழை. காற்றில் ஈரம் அதிகம். துணி மெதுவாகக் காய்ந்தது தூரத்தாலா, மழையாலா? இனி யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு அழகாக வரைபடம் போட்டாலும் இந்த ஓட்டை அடைபடாது. நடுவர் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, தூரங்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசையைக் கலைத்துவிடுவது. அப்போது எந்த ஒரு தூரமும் ஒரே நாளில் மாட்டிக்கொள்ளாது. இரண்டு, ஒவ்வொரு முறையும் விசிறிக் காற்று படாத மூலையில் இன்னொரு ஈரத்துண்டைத் தொங்கவிட்டு அதையும் எடை பார்ப்பது. அந்த மூலைத் துண்டு அன்றைய காற்று எப்படி இருந்தது என்று சொல்லிவிடும். ஒப்பீட்டுக்கான அந்தத் துண்டைத்தான் கட்டுப்பாட்டு மாதிரி என்கிறோம். முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

ஒவ்வொரு தூரத்தையும் எத்தனை முறை செய்வது? மூன்றுக்குக் குறைந்தால் எதுவும் சொல்ல முடியாது. ஐந்து இருந்தால் நல்லது. நேரம் போதாதென்றால் தூரங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், மறுசோதனைகளைக் குறைக்காதீர்கள்.

பொறியியல் ப்ராஜெக்டுக்கு இந்தப் பாதை கொஞ்சம் வளைந்து போகும். அங்கே கருதுகோளுக்குப் பதிலாக ஒரு தேவையும் சில நிபந்தனைகளும் இருக்கும்: இவ்வளவு எடைக்குள், இவ்வளவு மின்சாரத்தில், இவ்வளவு துல்லியத்தோடு வேலை செய்ய வேண்டும் என்று. செய்வதற்கு முன்பே அவற்றை எண்களாக எழுதிவிட வேண்டும். முதல் வடிவம் எங்கே தோற்றது, இரண்டாவதில் எதை மாற்றினீர்கள் என்ற கதை இருந்தால் நடுவர் நின்று கேட்பார். ஒரேயடியாகச் சரியாக வேலை செய்த கருவியைப் பார்த்தால் "யார் செய்து கொடுத்தது?" என்ற சந்தேகம்தான் வரும். கணினி ப்ராஜெக்டில், உங்கள் நிரல் எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்பதோடு, மிக எளிய முறை ஒன்று அதே வேலையை எவ்வளவு சரியாகச் செய்யும் என்பதையும் காட்டுங்கள். நிரலைப் பழக்குவதற்குக் கொடுத்த தரவை வைத்தே அதைச் சோதித்துவிட்டு 99 விழுக்காடு என்று சொல்ல வேண்டாம்.

நான்காம் படி: குறிப்பேடு

பக்க எண் போட்ட, தைத்த ஒரு நோட்டு. பேனாவால் எழுதுங்கள், தேதி போடுங்கள், தவறானதை ஒரு கோடு போட்டு அடியுங்கள், கிழிக்காதீர்கள். கடைசி வாரம் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் மொத்தமாக எழுதிய நோட்டைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்: ஒரே பேனா, ஒரே சாய்வு, ஓர் அடித்தல்கூட இல்லை.

உண்மையான குறிப்பு இப்படி இருக்கும்:

"மாலை 4.10. துணி 3, தூரம் 1 மீ. எடை 17.2 கிராம். திரும்ப மாட்டும்போது ஒரு சொட்டு கீழே விழுந்தது. இந்த அளவை நீக்கவில்லை. அடுத்த முறையிலிருந்து நனைத்தபின் 2 நிமிடம் தொங்கவிட்டு, சொட்டுவது நின்றபிறகுதான் முதல் எடை."

இந்த நாலு வரியில் ஒரு தவறு இருக்கிறது, அதைக் கவனித்த கண் இருக்கிறது, ஒரு முடிவு இருக்கிறது, முறையில் ஒரு மாற்றம் இருக்கிறது. நடுவர் இதைப் புரட்டிப் பார்த்து, "அந்தச் சொட்டு முடிவைப் பாதித்திருக்காதா?" என்று கேட்டால், "ஒரு சொட்டு நீர் ஏறத்தாழ 0.05 கிராம். எங்கள் தராசு 0.1 வரைதான் காட்டும். அதனால் நீக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் நிறையச் சொட்டினால் வித்தியாசம் வரும், அதனால்தான் முறையை மாற்றினேன்" என்று பதில் சொல்லலாம். இப்படி ஒரு பதிலுக்குப் பிறகு இந்த ஆய்வை நீங்கள்தான் செய்தீர்களா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

யார் உதவினார்கள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஆசிரியர் சொன்ன யோசனை, அண்ணன் பிடித்துக் கொடுத்த கம்பி, ஆய்வகத்தில் கருவியை இயக்கியவர், கேட்டுப் பார்த்த செயற்கை நுண்ணறிவுச் செயலி எல்லாமே. உதவி வாங்குவது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். அடுத்தவர் வேலையைத் தன்னுடையது என்று காட்டுவதும் எண்களை இட்டுக்கட்டுவதும் தெரியவந்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: எண்களோடு நேர்மையாக இருத்தல்

முதல் 10 நிமிடத்தில் இழந்த எடை, 1 மீட்டரில் 3.1, 2.9, 3.3 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 3.1. 2 மீட்டரில் 2.8, 3.4, 2.5. சராசரி 2.9. உடனே "தூரம் கூடினால் காயும் வேகம் குறைகிறது" என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். சராசரிகளுக்கிடையே வித்தியாசம் 0.2 கிராம்தான். ஆனால் 2 மீட்டர் சோதனைகள் தங்களுக்குள்ளேயே 0.9 கிராம் வரை வேறுபடுகின்றன. இந்த எண்களை வைத்துக்கொண்டு வேகம் குறைகிறது என்று சொல்ல முடியாது. "வித்தியாசம் இருப்பதாக இந்த அளவீடுகள் காட்டவில்லை, 2 மீட்டரில் சிதறல் அதிகம், மேலும் சோதனை தேவை" என்பதுதான் சரியான வாக்கியம். இந்த வாக்கியத்தைத் தைரியமாக எழுதுகிற மாணவருக்கு மதிப்பெண் கூடும்.

சராசரியை மட்டும் போடாமல் சிதறலையும் காட்டுங்கள். திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்று சொல்லும் எண்) தெரிந்தால் அதைப் பிழைக் கோடாக, அதாவது சராசரிப் புள்ளிக்கு மேலும் கீழும் நீளும் சிறு கோடாக, வரைபடத்தில் போடுங்கள். தெரியாவிட்டால் மிகக் குறைந்த அளவு, மிக அதிக அளவு இரண்டையும் குறித்தாலே போதும். விளங்காத புள்ளியியல் சோதனையை யாரோ செய்து கொடுத்தார்கள் என்று ஒட்டி வைக்க வேண்டாம். "இந்த எண் என்ன சொல்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் அங்கேயே சிக்கிக்கொள்வீர்கள்.

வரைபடத்தில் எதிர்பாராத ஒன்று தெரிந்தால் அதை மறைக்காதீர்கள். துணியின் எடையை நேரத்துக்கு எதிராக வரைந்தால், கோடு முதலில் ஏறக்குறைய நேராக இறங்கும். பிறகு ஓரிடத்தில் வளைந்து படுத்துக்கொள்ளும். துணியின் மேற்பரப்பு முழுக்க ஈரமாக இருக்கும்வரை வேகத்தைத் தீர்மானிப்பது வெளியே உள்ள காற்று. மேற்பரப்பு காயத் தொடங்கியதும், இழைகளுக்குள்ளிருந்து நீர் வெளியே வர வேண்டியிருக்கிறது, அதனால் வேகம் குறைகிறது. அப்படியானால் தூரத்தின் விளைவைப் பார்க்க முதல் பகுதியைத்தான் ஒப்பிட வேண்டும். இதை நீங்களே கண்டுபிடித்துச் சொன்னால், சாதாரணத் துணி காய்ந்த கதை அங்கிருந்து வேறு தரத்துக்குப் போய்விடும்.

ஆறாம் படி: சுருக்கமும் போஸ்டரும்

சுருக்கம் என்பது நோக்கம், முறை, முடிவு, அதன் பொருள். ஐசெஃபில் 250 சொற்களுக்குள் முடிக்க வேண்டும். முன்னுரை வேண்டாம், நன்றியுரை வேண்டாம். முக்கியமான எண் ஒன்றாவது இருக்கட்டும்.

போஸ்டரில் இடமிருந்து வலமாகக் கேள்வி, முறை, தரவு, முடிவு. ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்க முடிய வேண்டும். நடுவில் உங்கள் முக்கிய வரைபடம் பெரிதாக, அச்சுகளில் அலகுகளோடு. ஐசெஃபில் அகலம் 122 செ.மீ., ஆழம் 76 செ.மீ., உயரம் 274 செ.மீ. தாண்டக் கூடாது. உயிரினங்கள், மண், நீர், வேதிப்பொருள்கள், உணவு, தீச்சுடர் எதையும் அங்கே வைக்க முடியாது. எனவே பரிசோதனையைப் படமெடுத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் யார் எடுத்தது என்று போடுங்கள். பல போட்டிகளில் நீங்கள் இல்லாத நேரத்தில் நடுவர்கள் வந்து பலகையைப் படித்துவிட்டுப் போவார்கள், ஆகவே நீங்கள் விளக்காமலே புரிகிறதா என்று வீட்டில் யாரையாவது படிக்கச் சொல்லிப் பாருங்கள். மினுமினுக்கும் தாளும் வண்ண விளக்கும் இதற்கு உதவாது.

ஏழாம் படி: நடுவர் வந்து நிற்கும்போது

பத்து, பதினைந்து நிமிடம் கிடைக்கும். சில இடங்களில் ஐந்துதான். ஒன்றரை நிமிடத்தில் முடியும் ஓர் அறிமுகத்தைத் தயார் செய்யுங்கள்: என்ன கேட்டேன், எப்படிச் செய்தேன், என்ன கிடைத்தது. வரி வரியாக மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவர் பாதியில் குறுக்கிட்டுக் கேட்பார், அப்போது மனப்பாடம் அறுந்துபோகும். சிலர் திரும்ப முதலிலிருந்து "வணக்கம், என் பெயர்" என்று ஆரம்பிப்பார்கள், பார்க்கவே பாவமாக இருக்கும். குறுக்கே கேள்வி கேட்கிறார் என்றால் ஆர்வமாக இருக்கிறார் என்று அர்த்தம். பேச்சை அங்கேயே விட்டுவிட்டு அவர் கேட்டதற்குப் போங்கள்.

வழக்கமாக வரும் கேள்விகள் சில: இந்த யோசனை எங்கிருந்து வந்தது? இதில் நீங்கள் செய்தது எது, மற்றவர்கள் செய்தது எது? ஏன் 10 நிமிடத்துக்கு ஒருமுறை, ஏன் 5 இல்லை? எதிர்பார்க்காதது எது? திரும்பச் செய்தால் எதை மாற்றுவீர்கள்? இந்த முடிவு எங்கே பொருந்தாது? கடைசி இரண்டுக்கும் பதில் இல்லாமல் போகாதீர்கள். "எல்லாம் சரியாக வந்தது, மாற்ற ஒன்றுமில்லை" என்பது மிக மோசமான பதில்களில் ஒன்று.

தெரியாத கேள்வி வரத்தான் செய்யும். சில நடுவர்கள் உங்கள் அறிவின் விளிம்பு எங்கே என்று பார்க்கத் தெரிந்தே தள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே "தெரியவில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், ஒரு படி மேலே போங்கள். "துணியின் வகை மாறினால் என்ன ஆகும்?" என்று கேட்டால், "அதை நான் சோதிக்கவில்லை. தடித்த துணி அதிக நீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கோடு வளையும் இடம் தள்ளிப்போகும் என்று நினைக்கிறேன். இரண்டு தடிமன்களில் இதே சோதனையைச் செய்து பார்த்தால் தெரியும்" என்று சொல்லலாம். ஊகத்தை ஊகம் என்று சொல்லிச் சொல்வது முழு மதிப்பெண்ணுக்கு உரிய பதில். தெரிந்ததுபோலச் சமாளிப்பது உடனே தெரிந்துவிடும்.

தனக்கே அர்த்தம் தெரியாத கலைச்சொல்லைப் போஸ்டரில் எழுதாதீர்கள். நடுவரின் பேனா நேராக அங்கேதான் போகும்.

குழுவாக நின்றால் ஒருவரே பேசுவதும் மற்றவர்கள் தலையாட்டுவதும் மதிப்பெண்ணைக் குறைக்கும். வேலையைப் பிரித்துச் செய்திருக்கலாம், ஆனால் ஒவ்வொருவருக்கும் முழு ஆய்வும் தெரிந்திருக்க வேண்டும். நடுவர் பேசாமல் நிற்பவரைப் பார்த்துத்தான் கேட்பார். பெற்றோரும் ஆசிரியரும் அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்காமல் இருப்பது நல்லது. பல போட்டிகளில் நிற்கவும் விடமாட்டார்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி: ப்ராஜெக்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஏன்?" என்று கேட்கச் சொல்லுங்கள். எரிச்சலாக இருக்கும். ஓட்டைகள் எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

கதவு மூடிய பிறகு

ஒரே ப்ராஜெக்டை நடுவர்கள் பலர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒருவர் தாராளமாகப் போடுவார், ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு போடுவார். அதனால் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், பல இடங்களில் நடுவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, மேலே வந்திருக்கும் சிலவற்றைப் பற்றி விவாதித்துத்தான் வரிசையை முடிவு செய்கிறார்கள். அந்த அறையில் உங்களுக்காகப் பேச ஒரு நடுவராவது வேண்டும். "வளைவுக் கோட்டுக்கு அந்தப் பெண் கொடுத்த விளக்கத்தைக் கேட்டீர்களா?" என்று ஒருவர் சொல்லும்படி உங்கள் நேர்காணல் அமைந்திருந்தால், பக்கத்து மேசையின் பளபளப்பான மாதிரி பின்தங்கிவிடும்.

பொதுப் பரிசுகளுக்கு வெளியே, நிறுவனங்களும் சங்கங்களும் தரும் சிறப்புப் பரிசுகள் தனி. அவற்றுக்குத் தனி நடுவர்கள், தனி அளவுகோல். நீர் சம்பந்தமான சங்கம் நீர் ஆய்வைத்தான் தேடும். பிரிவில் எந்த இடமும் வராத ப்ராஜெக்ட் சிறப்புப் பரிசோடு வீடு திரும்புவதும், முதலிடம் வந்தது சிறப்புப் பரிசு எதுவும் இல்லாமல் போவதும் சகஜம். நியாயமில்லை என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

நடுவரின் கருத்துத் தாள் கொடுக்கும் போட்டி என்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால், அன்று மாலையே, மறப்பதற்குள், கேட்கப்பட்ட கேள்விகளை எல்லாம் குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் எழுதிவிடுங்கள். பதில் சொல்ல முடியாமல் போன கேள்விதான் பெரும்பாலும் அடுத்த ஆண்டு ஆய்வின் தலைப்பு. அதே ஆய்வைத் தொடர்ந்தால் ஐசெஃப் போன்ற போட்டிகளில் முந்தைய ஆண்டு என்ன செய்தீர்கள், இந்த ஆண்டு புதிதாக என்ன என்று தனிப் படிவத்தில் காட்ட வேண்டும். மதிப்பெண் இந்த ஆண்டு வேலைக்கு மட்டும்தான். பழைய நோட்டையும் பழைய தரவையும் தூக்கிப் போடாமல், தேதியோடு ஓரிடத்தில் எடுத்து வையுங்கள்.